32 எம்எம் கம்பியைக் கடைந்து இழுத்தால் யீல்டு குறைகிறதே, ஏன்?

#1 லேப்தம்பி

வணக்கம். நான் ஒரு மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் இருக்கிறேன். ஒரு கட்டுமான வேலைக்காக 32 எம்எம் டிஎம்டி கம்பி (கான்கிரீட்டுக்குள் போடும் கம்பி) வந்தது, ஃபெ 500டி, அதாவது யீல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) குறைந்தது 500 மெகாபாஸ்கல் வேண்டிய ரகம். எங்களிடம் இருக்கும் யூடிஎம் (இழுத்துச் சோதிக்கும் மெஷின்) 400 கிலோநியூட்டன்தான். கம்பியின் பரப்பு 804 சதுர எம்எம். அறுபடும் தகைவு 600 மெகாபாஸ்கல் என்று வைத்தாலே 480 கிலோநியூட்டன் வேண்டும், மெஷின் எட்டாது. அதனால் லேத்தில் கொடுத்து நடுவில் 12.5 எம்எம் வரும்படி கடைந்து, தோளில் ரேடியஸ் விட்டு, சுத்தமான டம்பெல் பீஸாக இழுத்தோம்.

யீல்டு 390 சொச்சம். மில் சர்டிஃபிகேட்டில் 540 என்று இருக்கிறது. இழுத்த பீஸ் எல்லாமே அந்தப் பக்கம்தான். எலாங்கேஷன் (அறும் வரை நீண்ட சதவீதம்) மட்டும் பிரமாதம்.

நான் படித்ததோ நேர்மாறு. பீஸ் சிறிதானால் உள்ளே குறை இருக்க வாய்ப்புக் குறைவு, அதனால் வலு கூடும் என்றுதான் பாடம். மேனேஜர், "சைஸுக்கு ஒரு கரெக்‌ஷன் ஃபேக்டர் போட்டு ரிப்போர்ட்டைக் கொடு" என்கிறார். அப்படி ஒரு ஃபேக்டர் உண்டா?


#2 உலைக்கரி

தம்பி, நீங்கள் இழுத்தது அந்தக் கம்பியே இல்லை. அதன் வயிற்றை மட்டும் இழுத்திருக்கிறீர்கள்.

டிஎம்டி கம்பி ரோலிங் ஸ்டாண்டிலிருந்து சிவக்க வெளியே வரும்போது தண்ணீர்ப் பெட்டி வழியாகப் போகிறது. மேல்தோல் சட்டென்று குளிர்ந்து மார்டென்சைட் என்ற மிகக் கடினமான வடிவம் ஆகிவிடும். உள்ளே இன்னும் சூடு இருக்கும். அந்தச் சூடு வெளியே வந்து தோலை டெம்பர் செய்யும், அதாவது நொறுங்காதபடி பதப்படுத்தும். நடுப்பகுதி நிதானமாக ஆறி ஃபெரைட், பியர்லைட் என்ற மெதுவான வடிவங்களாக நிற்கும். வெளியே கடினமான வளையம், உள்ளே மெதுவான இரும்பு. 500 என்கிற எண்ணைத் தருவது இரண்டும் சேர்ந்து.

சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு அறுத்து, எமரியில் தேய்த்து, பாலிஷ் போட்டு, நைட்டால் (ஆல்கஹாலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம்) பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். அரை நிமிடத்தில் ஓரத்தில் கருத்த வளையம் தெரியும். மைக்ராஸ்கோப்பே வேண்டாம், வெறும் கண்ணுக்கே போதும். வளையம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் தண்ணீர்ப் பெட்டியில் கோளாறு என்று அர்த்தம். மில்லில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் இதைப் பார்ப்போம்.

கணக்கும் போடலாம். 32 கம்பியில் வளையம் 3 எம்எம் என்று வையுங்கள். உள்வட்டம் 26. அதன் பரப்பு மொத்தத்தில் 66 சதவீதம், வளையம் 34. நடுப்பகுதி 390, முழுக்கம்பி 540 என்றால் வளையத்தின் யீல்டு 830 வாக்கில் வரவேண்டும். டெம்பர் ஆன மார்டென்சைட்டுக்கு அது நம்பக்கூடிய எண்தான். நீங்கள் 12.5க்குக் கடைந்தபோது அந்த 34 சதவீதம் முழுதும் சுருள் சுருளாக லேத்துக்கு அடியில் விழுந்துவிட்டது.

இதற்கு ஃபேக்டர் எல்லாம் கிடையாது. கம்பியை உருட்டிய நிலையிலேயே முழுதாக இழுக்க வேண்டும். பரப்பைக்கூட காலிப்பரில் அளப்பதில்லை. கிலோவில் எடுத்த எடையை, மீட்டரில் எடுத்த நீளத்தை 0.00785ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்து எடுக்கிறோம். 1000 கிலோநியூட்டன் மெஷின் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.


#3 லேப்தம்பி

உலைக்கரி அண்ணே, நன்றி. வளையத்தை இன்றே பார்த்துவிட்டேன், கருப்பாகத் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. டிஎம்டியை விடுங்கள். சாதாரண பிளேட், ஐஎஸ் 2062 ஈ250 எடுத்துக்கொள்வோம். தடிமன் 20க்குக் கீழ் யீல்டு 250, 20 முதல் 40 வரை 240, 40க்கு மேல் 230 என்று அட்டவணையே சொல்கிறது. ஐரோப்பிய எஸ்355லும் இதே கதை: 16 வரை 355, 40 வரை 345, 63 வரை 335. தண்ணீர்ப் பெட்டி இல்லாத பிளேட்டிலும் பெரிசு என்றால் வலு குறைகிறதே. அப்போது சைஸ் எஃபெக்ட் உண்மைதானே?


#4 தேன்மொழி

நான் மெட்டலர்ஜி பாடம் எடுப்பவள். இங்கே இரண்டு விஷயங்கள் ஒரே பெயரில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் பிரித்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அட்டவணையில் இருப்பது பிளேட்டின் பிறப்பு சம்பந்தப்பட்டது. தடித்த பிளேட்டுக்கு உருட்டல் குறைவு, ஆறுவதும் மெதுவாக. அதனால் கிரெயின் (இரும்புக்குள் இருக்கும் சிறு படிகம்) பெரிதாகிறது. கிரெயின் பெரிதானால் யீல்டு குறையும், அது 1950களின் தொடக்கத்தில் ஹாலும் பெட்சும் காட்டிய உறவு. ஒரு சின்னச் சோதனை போதும்: 60 எம்எம் பிளேட்டின் நடுவிலிருந்து ஒரு 6 எம்எம் உருளையைக் கடைந்து இழுங்கள். பீஸ் சிறிசுதான், ஆனால் 6 எம்எம் ஷீட்டின் எண் வராது. அந்தத் தடித்த பிளேட்டின் எண்தான் வரும். வலுவைத் தீர்மானித்தது நீங்கள் வெட்டிய அளவு இல்லை, அந்த இரும்பு என்ன அளவில் உருட்டப்பட்டது என்பதே. ஸ்பிரிங்குக்கான மியூசிக் ஒயரும் இப்படித்தான். 1 எம்எம் ஒயர் சுமார் 2200 மெகாபாஸ்கல், 5 எம்எம் ஒயர் சுமார் 1750. மெல்லியது டையில் அதிகம் இழுபட்டது, அவ்வளவுதான்.

இனி நீங்கள் படித்த "சிறிசு வலுவானது" பாடம். அது கண்ணாடி, பீங்கான் பற்றியது. கிரிஃபித் 1920 வாக்கில் கண்ணாடி இழைகளை இழுத்துப் பார்த்தார், இழை மெலிய மெலிய வலு ஏறியது. 1939இல் ஸ்வீடனின் வைபுல் அதற்குப் புள்ளியியல் வடிவம் கொடுத்தார். சங்கிலியின் மிக மெலிந்த கண்ணிதான் சங்கிலியின் வலு. கண்ணி அதிகமானால் மோசமான கண்ணி ஒன்று இருக்க வாய்ப்பும் அதிகம். இரும்புக்கம்பிக்கே லியொனார்டோ டா வின்சி இப்படி ஒரு சோதனை எழுதி வைத்திருக்கிறார்: கம்பியில் கூடையைத் தொங்கவிட்டு, சிறு துளை வழியாக மணல் கொட்டி, அறுந்த உடனே மணல் நிற்கும்படி ஏற்பாடு, பிறகு அதையே வேறு நீளங்களில். அந்தக் காலத்துக் கம்பியில் கசடும் சீரற்ற தடிமனும் சர்வ சாதாரணம், அங்கே கண்ணிக் கணக்கு பொருந்தும்.

இன்றைய மென் இரும்பில் ஒரு குறை மட்டும் தனியாக ஆட்சி செய்யாது. அதன் அருகில் தகைவு ஏறினால் அந்த இடம் கொஞ்சம் நீண்டு, கடினமாகி, சுமையைப் பக்கத்தில் தள்ளிவிடும். அதைவிட முக்கியமாக, நாம் யூடிஎஸ் (இழுப்பில் தாங்கும் உச்சத் தகைவு) என்று எழுதும் எண் முறிவின் எண்ணே அல்ல. நீள நீள இரும்பு கடினமாகிக்கொண்டே போகிறது, பரப்பு குறைந்துகொண்டே போகிறது. எந்தப் புள்ளியில் பரப்புக் குறைவு ஜெயிக்கிறதோ அங்கே சுமை உச்சம் தொட்டு, ஓரிடம் மட்டும் மெலிந்து கழுத்து விழ ஆரம்பிக்கும். 1885இல் கான்சிடேர் சொன்னது இது. அந்தச் சமன்பாட்டில் நீளமும் இல்லை, விட்டமும் இல்லை. ஒரே இரும்பில், வழவழப்பான பீஸாக, 5 எம்எம் இழுத்தாலும் 50 எம்எம் இழுத்தாலும் யூடிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றே.


#5 கணக்குப்பிள்ளை

> யூடிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றே

சரி. ஆனால் எலாங்கேஷனை இதில் சேர்க்காதீர்கள். லேபில் நடக்கும் சண்டையில் பெரும்பங்கு அங்கேதான்.

கழுத்து விழும் வரை பீஸ் முழுதும் சமமாக நீளும். அதற்குப் பிறகு நீட்சி எல்லாம் கழுத்தில் மட்டும். கழுத்தின் நீளம் விட்டத்தைப் பொறுத்தது, கேஜ் லெங்த்தை (நீட்சியை அளக்க பீஸில் குறித்த நீளம்) பொறுத்ததல்ல. ஆகவே கேஜ் லெங்த்தை நீட்டினால் அதே கழுத்து பெரிய எண்ணால் வகுபடும், சதவீதம் இறங்கும். 1880 வாக்கில் பார்பா சொன்ன தீர்வு, கேஜ் லெங்த்தைப் பரப்பின் வர்க்கமூலத்தோடு கட்டிவிடுவது. நம் 5.65√பரப்பு அங்கிருந்து வந்தது, உருளைக்கு அது விட்டத்தைப்போல் 5 மடங்கு. அமெரிக்க வழக்கமோ 4 மடங்கு, 12.5க்கு 50.

ஒரு கற்பனை இரும்பு: சம நீட்சி 15, 5 மடங்கு கேஜில் மொத்தம் 25. கழுத்தின் பங்கு 10. அதையே 4 மடங்கில் அளந்தால் 27.5. 10 மடங்கில் அளந்தால் 20. 12 எம்எம் கம்பியில் 200 எம்எம் கேஜ் போட்டால் 18. ஒரே பீஸ், ஒரே இழுப்பு, நான்கு ரிசல்ட். ஒரு சப்ளையர் 27.5 என்று காட்டியதை அப்படியே வாங்கி, இங்கே 25 வந்ததும் மெட்டீரியல் மோசம் என்று லாரியைத் திருப்பி அனுப்பிய இடம் எனக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் எலாங்கேஷனுக்குப் பக்கத்தில் கேஜ் லெங்த் எழுதாதவரிடம் நான் பேசுவதில்லை.


#6 கப்பல்பட்டறை

தேன்மொழி மேடம் சொன்னதில் "வழவழப்பான பீஸாக" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, எல்லா வில்லங்கமும் அதற்குள்தான். வலு மாறாது சரி. முறியும் விதம் மாறும். அதுதான் ஆளைக் கொல்லும்.

1943 ஜனவரி 16 இரவு. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட். எஸ்எஸ் ஸ்கெனெக்டடி என்ற டேங்கர் கப்பல் சோதனை ஓட்டம் முடிந்து துறையில் கட்டிக் கிடந்தது. அலை இல்லை, புயல் இல்லை, குளிர் மட்டும். பெரிய சத்தத்தோடு மேல்தளத்திலிருந்து பக்கவாட்டில் பிளந்து, அடித்தகடு மட்டும் கீல் மாதிரி பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி தண்ணீருக்கு மேலே எழும்பி நின்றது. இரண்டாம் உலகப்போரின் லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல்களிலும் இதே மாதிரி விரிசல்கள் வந்தன. அந்தத் தகடுகளிலிருந்து வெட்டிய டென்சைல் பீஸ் நன்றாக நீண்டு, கழுத்து விழுந்து, கப் அண்ட் கோனாகத்தான் (ஒரு முனை கிண்ணம், மறுமுனை கூம்பு) அறும். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தால் அது சாதுவான மென் இரும்பு. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் இதை ஆராய்ந்து, வெல்டிங்கை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, குளிரில் அந்த இரும்பே நொறுங்கும் குணத்துக்கு மாறுகிறது என்று காட்டினார். ரிவெட் போட்ட கப்பலில் விரிசல் தகட்டின் ஓரத்தில் நின்றுவிடும். வெல்டு செய்த கப்பல் ஒரே தகடு, போய்க்கொண்டே இருக்கும்.

அளவு இதில் எங்கே வருகிறது? இரண்டு இடத்தில்.

ஒன்று, சக்தி. ஒரே வடிவத்தை இரு மடங்கு பெரிதாக்கினால் உள்ளே தேங்கும் மீள்சக்தி 8 மடங்கு. கிழிய வேண்டிய முகத்தின் பரப்பு 4 மடங்கு. விரிசலைத் தள்ளும் பக்கம் எப்போதும் பெரிய அமைப்பில் பணக்காரன்.

இரண்டு, தடிமன். விரிசல் முனையில் இரும்பு நீள வேண்டுமானால் பக்கவாட்டில் சுருங்க வேண்டும். மெல்லிய தகட்டில் தாராளமாகச் சுருங்கும், 45 பாகையில் சரிந்து கிழியும். தடித்த தகட்டின் நடுவில் சுற்றியிருக்கும் இரும்பு சுருங்க விடாது. மூன்று பக்கமும் இழுவிசை, இரும்பு நெகிழ்ந்து ஓட வழியில்லை, தட்டையாகப் பிளக்கும். உடைந்த தடித்த பீஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் மணல் மணலாக மின்னும் தட்டை முகம், இரு ஓரத்திலும் மட்டும் மங்கலான சரிவு உதடு. அந்த உதட்டின் அகலம் தடிமனோடு பெரிதாக வளராது. தடிமன் ஏற ஏற அதன் பங்கு சுருங்கும்.


#7 தேன்மொழி

கப்பல்பட்டறை சார் சொன்னதற்கு எண் வடிவம் தருகிறேன். 1950களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் ஜார்ஜ் இர்வின் விரிசல் முனைக்கு ஓர் அளவு கொடுத்தார், முறிவுத் தாங்குதிறன் என்று சொல்லலாம். அதைத் தடிமன் பாதிக்காதபடி அளக்க பீஸ் எவ்வளவு தடித்திருக்க வேண்டும் என்றால், தாங்குதிறனை யீல்டால் வகுத்து, வர்க்கமாக்கி, 2.5ஆல் பெருக்க வேண்டும்.

விமான அலுமினியம்: தாங்குதிறன் 28 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர், யீல்டு 500. வருவது 8 எம்எம். மேஜையில் வைத்து முடித்துவிடலாம். அணு உலைக் கலன் இரும்பு: தாங்குதிறன் 200, யீல்டு அதே 500. வருவது 400 எம்எம்! வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் நடத்திய தடித்த இரும்புத் திட்டத்தில் 12 அங்குலத் தடிமனுள்ள பீஸையே செய்து உடைத்தார்கள். இரும்பு எவ்வளவு நல்லதோ அவ்வளவு பெரிய பீஸ் கேட்கும். பிறகு 1968இல் ரைஸின் ஜே தொகையம் (விரிசல் முனைக்குச் சேரும் சக்தியின் அளவு) வந்ததால்தான் சின்ன பீஸில் ஓட்டத்தோடு சேர்த்தே அளக்க வழி கிடைத்தது.


#8 நுண்ணோக்கி

> இன்றைய மென் இரும்பில் ஒரு குறை மட்டும் தனியாக ஆட்சி செய்யாது

மேடம், ஒரு விதிவிலக்கு. குளிர் பக்கத்தில், நீளும் குணமும் நொறுங்கும் குணமும் கலந்து நிற்கும் வெப்பநிலையில், வைபுல் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறார். விரிசல் முனை நெடுகிலும் எங்காவது ஒரு கார்பைடு (இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினப் பொருள்) துணுக்கு உடைந்தால் பிளவு கிளம்பிவிடும். தடிமன் கூடினால் முனையின் நீளம் கூடும், மோசமான துணுக்கு மாட்ட வாய்ப்பும் கூடும். ஃபின்லாந்தின் கிம் வாலின் 1980களில் இதைத்தான் சூத்திரமாக்கினார்: தாங்குதிறனிலிருந்து 20ஐக் கழித்து, மிச்சத்தைத் தடிமன் விகிதத்தின் நாலாம் மூலத்தால் மாற்றி, 20ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். 25 எம்எம் பீஸில் 100 வந்தால் 200 எம்எம் சுவருக்கு 68தான். லேப்தம்பி கேட்ட கரெக்‌ஷன் ஃபேக்டர் உண்மையிலேயே இருக்கும் இடம் இது. ஆனால் அது விரிசல் பீஸுக்கு, பிளவு முறிவுக்கு, ஃபெரைட் இரும்புக்கு மட்டும்.

மறுகோடியில் என் வேலை, மைக்ரான் அளவு. அங்கே நிஜமாகவே சிறிசுதான் வலுவானது, குறைக் கணக்கே இல்லாமல். 1956இல் பிரென்னர் மைக்ரான் தடிமனில் இரும்பு இழைப் படிகங்களை இழுத்து 13 கிகாபாஸ்கல் வரை பார்த்தார். 1994இல் ஃப்ளெக்கும் கூட்டாளிகளும் 12 முதல் 170 மைக்ரான் வரை செப்புக் கம்பிகளை எடுத்தார்கள். நேராக இழுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. முறுக்கினால் மெல்லியதற்குச் சுமார் மூன்று மடங்கு வலு! முறுக்கில் திரிபு மையத்திலிருந்து ஓரத்துக்கு மாறுகிறது, அந்த மாற்றத்தை ஏற்கவே கூடுதலாக டிஸ்லொகேஷன்கள் (படிக அடுக்கில் இருக்கும் வரிக் கோளாறுகள்) தேவைப்படுகின்றன. 2004இல் நிக்கல் தூண்களைச் செதுக்கி நசுக்கியவர்களோ, அந்தத் திரிபு மாற்றம்கூட இல்லாமலே அளவால் வலு ஏறுவதைக் காட்டினார்கள். அதற்காக மெல்லிய ஷீட் எல்லாம் வலு என்று நினைக்க வேண்டாம். தடிமனுக்குள் இரண்டு மூன்று கிரெயின்தான் அடங்குகிறது என்றால் பக்கத்துக் கிரெயினின் பிடிப்பு இல்லாமல் வலு இறங்கும்.


#9 உலைக்கரி

கம்பி கடைந்த கதை எங்கெங்கோ போய்விட்டது, போகட்டும், நன்றாகத்தான் இருக்கிறது. ஷாஃப்ட் வேலை செய்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். ஃபெடீக்கில் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் களைத்து முறிவதில்) அளவு நிச்சயம் வலுவைத் தின்னும். சுழன்று வளையும் 7.62 எம்எம் லேப் பீஸின் எண்ணை 50 எம்எம் ஷாஃப்டுக்கு எடுத்தால் 0.82ஆல் பெருக்கச் சொல்கிறது வழக்கமான டிசைன் சூத்திரம். நேர் இழுப்புக்கு அந்தக் குறைப்பு இல்லை. வளைவில் பெரிய ஷாஃப்டின் தோலுக்கு அடியில் உயர்ந்த தகைவு ஆழமாக இறங்குகிறது, அதனால்.


#10 பாய்லர்பாண்டி

எல்லாரும் படித்தவர்கள், எனக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. சுவர்த் தடிமன் 6 எம்எம் பைப். சார்பிக்கு (நாட்ச், அதாவது காடி வெட்டிய பீஸைச் சுத்தியால் அடித்து உடைக்கும் சோதனை) 10க்கு 10 எம்எம் பீஸ் எடுக்க வழியில்லை, 5 எம்எம் பீஸ்தான். 27 ஜூல் தேவை என்றால் பாதி, 13.5 போதும் என்கிறார்கள். இது சரியா? இன்னொரு இடத்தில் 40 எம்எம் பிளேட்டுக்கும் "5 எம்எம் பீஸே போதும், பாதி கணக்கு போட்டுக்கொள்ளலாம்" என்று கிளையண்ட் ஆள் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?


#11 கப்பல்பட்டறை

பாண்டி, பைப்புக்குச் சரி, பிளேட்டுக்குக் கூடாது.

பாதி கணக்கு உறிஞ்சும் சக்தியைப் பரப்பால் வகுப்பது மட்டும். 5 எம்எம் பீஸில் நாட்சின் அடியில் இறுக்கம் (பக்கவாட்டில் சுருங்க விடாத பிடிப்பு) குறைவு என்பதை அது கண்டுகொள்வதே இல்லை. மெல்லிய பீஸ் இன்னும் குளிர்ந்த நிலையிலும் நீளும் குணத்தோடு முறியும், அதாவது மாறும் வெப்பநிலையே கீழே இறங்கிவிடும். பைப்பில் அது நியாயம், பைப்பே 6 எம்எம்தான், வேலையிலும் அதே இறுக்கம்தான் இருக்கும். 40 எம்எம் பிளேட்டின் நடுவில் இருக்கும் இறுக்கத்தை 5 எம்எம் பீஸ் ஒருநாளும் காணாது. மைனஸ் 20இல் 10க்கு 10 பீஸ் நொறுங்கும் இடத்தில் இது பாஸ் ஆகி வரும்.


#12 கணக்குப்பிள்ளை

இத்தோடு, அந்த 40 எம்எம் பிளேட்டில் எந்த ஆழத்திலிருந்து பீஸ் வெட்டினார்கள் என்று கேளுங்கள் பாண்டி. தோலுக்கு அருகில் ஒன்று, கால்வாசி ஆழத்தில் ஒன்று, நடுவில் ஒன்று வெட்டி உடைத்தால் மூன்றும் வேறு வேறு எண் தரலாம். 5 எம்எம் பீஸ் என்றால் தோலிலிருந்தே சீவி எடுத்துவிட வசதி. 10க்கு 10 கேளுங்கள், வெட்டிய இடத்தைப் படம் வரைந்து கையெழுத்தோடு கேளுங்கள்.


#13 பாய்லர்பாண்டி

கேட்டுவிட்டேன். "ஸ்பெக்கில் அப்படி எழுதவில்லையே" என்கிறார். கான்ட்ராக்ட் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.